ஆரஞ்சுப் பவளத்தை உடைக்கக் கிளம்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பிரேசில் நாட்டுக் கடலோரத்தைப் பிடித்துக்கொண்ட ஆரஞ்சு நிற "சூரியப் பவளம்" பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் படத்துக்குக் கீழே "கண்டதும் அகற்றப்பட வேண்டிய அந்நிய உயிரினம்" என்று போட்டிருந்தீர்கள், அது எந்தக் கடலில் அந்நியம் என்று போடவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து இங்கே இளம் டைவர்கள் சிலர் குழுக்களில் பகிர்ந்துகொள்கிறார்கள். "இதை நம்ம ராமேஸ்வரம் பக்கம் பார்த்திருக்கேன், அடுத்த கடல் சுத்தம் செய்யும் நாளில் உளியோடு போவோம்" என்று ஒருவர் எழுத, அதற்குக் கட்டைவிரல் காட்டிப் பத்துப் பேர். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கப்பல்களின் அடிப்பகுதியை நீருக்குள் போய்ப் பார்த்து, படம் எடுத்து, ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. இரும்பில் என்னென்ன ஒட்டும், எது எப்படி ஒட்டும் என்பதுதான் என் பிழைப்பு. கொட்டலசு, மட்டி, பாசி, புழுக்கூடு எல்லாவற்றையும் சுரண்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தோடு, இந்தப் பவளம் எப்படிப் பெருகுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. உங்கள் கட்டுரை அது செய்த நாசத்தைச் சொன்னது, எப்படி அவ்வளவு தூரம் போய் அவ்வளவு பெருகியது என்பதைச் சொல்லவில்லை. அது தெரியாமல் உளியை எடுத்தால் கேடுதான் மிஞ்சும்.

முதலில் ஊர் விவரம். இதன் அறிவியல் பெயர் டூபாஸ்ட்ரேயா காக்ஸினியா. பசிபிக் கடலில் உள்ள போரா போரா தீவிலிருந்து எடுத்து வந்த மாதிரியை வைத்துத்தான் 1829-30 வாக்கில் லெசன் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குப் பெயர் வைத்தார். பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் இதன் சொந்த வீடு. அந்தமானில், லட்சத்தீவில், நம் மன்னார் வளைகுடாவில் இருப்பது எல்லாம் இங்கேயே காலங்காலமாக இருப்பது. அட்லாண்டிக்கில்தான் இது வந்தேறி. அங்கே கரீபியனில் குராசோ, போர்ட்டோ ரிகோ தீவுகளில் இருப்பதாக 1943-இல் முதலில் பதிவானது. பிரேசிலில் 1980-களின் கடைசியில், ரியோ டி ஜெனிரோ மாநிலக் கரைக்கு அப்பால் கடலில், காம்போஸ் படுகையில் நிற்கும் எண்ணெய் மேடைகளின் இரும்புக் கால்களில் கண்டார்கள். அடுத்த பத்தாண்டில் இல்யா கிராண்டே விரிகுடாவின் பாறைகளுக்கு வந்துவிட்டது. அந்த விரிகுடாவில் கப்பல் கட்டும் தளமும் உண்டு, எண்ணெய் இறக்கும் முனையமும் உண்டு என்பதைச் சேர்த்துப் படியுங்கள். அங்கே கூடவே இன்னொன்றும் பரவியிருக்கிறது. டூபாஸ்ட்ரேயா டாகுசென்சிஸ் என்று பெயர், காலாபகோஸ் தீவுகளில் கண்டு 1982-இல் பெயர் வைத்த இனம். இரண்டும் சேர்ந்துதான் அங்கே "கொரல் சோல்", அவர்கள் மொழியில் சூரியப் பவளம்.

சரி, இது எப்படிப் பெருகுகிறது?

நம் பவளத்திட்டுகளில் இருக்கும் மான்கொம்புப் பவளம் போன்றவை பெரும்பாலும் வருடத்தில் சில இரவுகளில் மட்டும், பௌர்ணமியை ஒட்டி, முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடும். பக்கத்தில் அதே இனம் வேறு கூட்டமாக இருந்து, அதுவும் அதே நேரத்தில் விட்டால்தான் கரு உண்டாகும். தனியாக ஒன்று மட்டும் ஒரு புது ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் அதற்குப் பெரும்பாலும் வாரிசு இல்லை.

சூரியப் பவளம் அப்படி இல்லை. ஒரே கூட்டத்துக்குள் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கிறது. லார்வா என்கிற குஞ்சு உருவாவது வெளித் தண்ணீரில் அல்ல, பாலிப்பின் (கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு தனி உயிரின்) வயிற்றுக்குள். அங்கேயே வளர்ந்து, நீந்தத் தயாரான பிறகுதான் வாய் வழியாக வெளியே வருகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவில் ஆரஞ்சு நிறத் துளி. இதை விடப் பெரிய விஷயம், அந்த லார்வாக்களில் பெரும்பாலானவை கலவியே இல்லாமல் உருவாகின்றன என்பது. பிரேசில் கடற்கரையின் பல இடங்களிலிருந்து எடுத்த மாதிரிகளின் மரபணுவைப் பார்த்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. தூரத் தூர இடங்களில் இருந்தவைகூட ஒரே குளோன், தாயின் அச்சு அசல் நகல் என்று தெரிந்தது. அதாவது துணை வேண்டாம், பௌர்ணமி வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம். ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும்.

அந்த ஒன்றும் பெரிதாக இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு பாலிப்பின் கிண்ணமும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலம். இரண்டே இரண்டு பாலிப் உள்ள குட்டிக் கூட்டத்தில்கூட லார்வா இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றரை வயதுக்குள் பெருகத் தயாராகிவிடுகிறது, வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை லார்வா விடுகிறது. வெளியே வந்த லார்வா பல நேரம் ஓரிரு நாளிலேயே தாய்க்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒட்டிய உடன்பிறப்புகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே கூட்டமாகவும் ஆகிவிடும், அதனால் தொடக்கத்திலேயே கொஞ்சம் பெரிய உருவம் கிடைக்கிறது. இடம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு வாரம் வரை மிதந்துகொண்டிருக்கவும் முடியும். தாய் கொடுத்தனுப்பிய கொழுப்பிலேயே அதுவரை உயிர் வாழ்கிறது. நீரோட்டம் இருக்கிற கடலில் இரண்டு வாரம் என்பது சின்னத் தூரம் இல்லை.

இதோடு முடியவில்லை. நிலைமை மோசமானால் பாலிப் தன் கல் கிண்ணத்தை விட்டுவிட்டுச் சதையாகக் கழன்று வெளியேறி, வேறு இடத்தில் ஒட்டிப் புதுக் கிண்ணம் கட்டத் தொடங்கும். இதை இந்த இனத்திலேயே 2014-இல் பதிவு செய்திருக்கிறார்கள். பக்கத்தில் வேறு உயிரினம் நெருக்கினால், சதையை மெல்லிய நாக்குப் போல நீட்டி, சற்றுத் தள்ளி ஒரு காலி இடத்தில் புதிய பாலிப்பை ஊன்றும். உடைந்த துண்டு விழுந்த இடத்தில் திரும்ப வளரும். சின்னத் துண்டு, பெரிய துண்டு என்ற பேதம் அதற்கு இல்லை.

இப்போது அந்த உளிக்கு வருகிறேன். தண்ணீருக்கு அடியில் உளி வைத்துச் சுத்தியால் அடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், தினம் பார்க்கிறேன். கல் தெறிக்கும். பாதி உங்கள் பையில் விழும், மீதி பாறை இடுக்கில் போகும். இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றை நீங்கள் தேடிக்கொண்டிருக்கும்போது அரிசி அளவுத் துண்டுகள் அலையில் நகர்ந்துபோயிருக்கும். பாலிப்பின் வயிற்றில் லார்வா இருக்கிற காலமாக இருந்தால், நீங்கள் உடைத்ததே அதற்குப் பிரசவம். பிரேசில்காரர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அங்கே 2006-லிருந்து கொரல் சோல் திட்டம் என்ற ஒன்று நடக்கிறது, கையால் பெயர்த்து எடுக்கிறார்கள், ஆனால் ஒரு துண்டும் தப்பாமல் பைக்குள் பிடிப்பதுதான் அந்த வேலையின் பாதி. பெயர்த்ததைக் கரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். நன்னீரில் முக்கினால் ஒரு சில மணி நேரத்துக்குள் செத்துவிடுகிறது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் அதே இடத்துக்கு மறுபடி மறுபடி போய்ப் பார்க்கிறார்கள், ஏனென்றால் ஒரே முறையில் முடிவதே இல்லை. மெக்சிகோ வளைகுடாவின் ஃபிளவர் கார்டன் பேங்க்ஸ் சரணாலயத்திலும் 2002-இல் முதல் கூட்டத்தைக் கண்டதிலிருந்து டைவர்களை வைத்து எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அங்கே இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற பவளங்கள் தங்கள் சதைக்குள் நுண்பாசியை வைத்துக்கொண்டு அது சமைக்கிற உணவில் பெரும்பகுதி வாழ்கின்றன, அதனால் அவற்றுக்கு வெயில் வேண்டும். சூரியப் பவளத்துக்கு, பெயரில் சூரியன் இருந்தாலும், வெயில் வேண்டியதே இல்லை, நுண்பாசி கிடையாது. இருட்டிலும் நிழலிலும் மஞ்சள் நிற உணர்இழைகளை விரித்து மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்கிறது. எனவே பாறையின் அடிப்பக்கம், குகைக் கூரை, கப்பலின் அடி என்று மற்றவை போட்டி போடாத இடங்கள் எல்லாம் அதற்குத் தோது. கடல் சூடாகி மற்றவை பாசியை இழந்து வெளிறும்போது, இழக்கப் பாசியே இல்லாததால் இது அந்த விதத்தில் வெளிறுவதும் இல்லை. பிரேசிலின் சொந்தப் பவளமான முசிஸ்மிலியா ஹிஸ்பிடா இதன் பக்கத்தில் வளர நேர்ந்தால், தொடுகிற பக்கம் சதை அழுகிச் சாகிறது. அந்த முசிஸ்மிலியா உலகில் வேறெங்கும் கிடையாது என்பதால் அவர்கள் பதறுவது நியாயம்.

அதே உயிரினம் இங்கே ஏன் அப்படிச் செய்யவில்லை? இங்கே இதைத் தின்கிறவை இருக்கின்றன. இந்தோ பசிபிக் கடலில் மஞ்சள் நிறக் குட்டிச் சங்கு ஒன்று இதன் மேலேயே வாழ்ந்து, இதையே தின்று, இதன் மேலேயே முட்டையும் இடுகிறது. இதோடு இடத்துக்குச் சண்டை போட்டுப் பழகிய கடற்பஞ்சுகளும் பவளங்களும் இங்கே உண்டு. பல்லாயிரம் வருடம் சேர்ந்து வாழ்ந்ததில் அதன் அளவு அதற்குத் தெரிகிறது. அதை இங்கே பிடுங்குவது என்றால் அந்தச் சங்கின் சோற்றைப் பிடுங்குவது.

சட்டமும் இருக்கிறது. கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அதாவது புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. நல்ல எண்ணத்தோடு உளி எடுத்துப் போகிற பிள்ளைகள் வழக்கில் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள், உங்கள் படக்குறிப்பை நம்பி.

பார்த்த மாத்திரத்தில் எது சொந்தம், எது வந்தேறி என்று நிபுணர்களாலேயே சொல்ல முடியாமல் போயிருக்கிறது. கரிஜோவா ரீசி என்று வெள்ளைப் பூப்பூவாக விரியும் ஒரு மென்பவளம் உண்டு. கரீபியனில் 1860-இல் பெயர் வைத்ததால் அதுதான் அதன் ஊர் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். ஹவாயில் மாவி தீவுக்குப் பக்கத்து ஆழ்கடலில் நகை செய்யப் பயன்படும் கருப்புப் பவளக் காட்டை 2001-இல் போய்ப் பார்த்தபோது, பாதிக்கு மேல் இந்த வெள்ளைப் பூ மூடிக் கொன்றிருந்தது. கரீபியனிலிருந்து கப்பலில் வந்தது என்றார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தால், அது இந்தோ பசிபிக்கைச் சேர்ந்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று வந்தது. இதே பவளம் மன்னார் வளைகுடாவிலும் பதிவாகியிருக்கிறது. அதைப் பார்த்ததும் அந்நியன் என்று அடித்து நொறுக்குவதா, சொந்தம் என்று விட்டுவிடுவதா? ஆய்வாளர்கள் கண்காணித்து முடிவு சொல்லட்டும், அதற்கு அவர்களுக்குத் தேவை நம் கையில் இருக்கும் படங்களும் தேதிகளும்தான்.

துண்டிலிருந்து முளைப்பது என்றால் என்ன என்று நம் ஆட்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்த கப்பாஃபைகஸ் பாசியை நினைத்துப் பாருங்கள். பாக் விரிகுடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்தது, கயிற்றிலிருந்து கழன்ற துண்டுகளிலிருந்தே வளர்ந்தது. கையால் பறித்தார்கள், பவளத்தில் பற்றிக்கொண்டிருந்த மிச்சத் துண்டிலிருந்து திரும்ப வந்தது. அதற்கு விதை வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. நம் கடலின் பவளம் கப்பலேறிப் போய் பிரேசிலைப் பிடித்தது என்றால், அந்தப் பக்கத்து மட்டி இங்கே வந்து எண்ணூரையும் பழவேற்காட்டையும் பிடித்திருக்கிறது. மீனவர்கள் "காக்கா ஆழி" என்று சொல்கிறார்களே, அது தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் தரையே தெரியாமல் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இறால் ஒதுங்குகிற சேற்றையே மூடிவிட்டது. கையால் இறால் தடவிப் பிழைக்கிற குடும்பங்களுக்கு வருமானம் போயிற்று. பிரேசில் மீனவரும் எண்ணூர் மீனவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, இருவருக்கும் நடந்தது ஒரே காரியம், இருவர் வீட்டுக்கும் அதைக் கொண்டுவந்து விட்டது கப்பல் போக்குவரத்து.

எனக்குச் சொல்ல இருப்பது உண்மையில் இந்த இடத்தில்தான். ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற உயிரினத்தை, சேர்ந்த பிறகு துரத்துவது கிட்டத்தட்ட முடியாத காரியம். தடுக்க முடிந்த ஒரே நேரம் அது இன்னும் இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரம்தான். ஓடிக்கொண்டே இருக்கிற சரக்குக் கப்பலில் பிரச்சினை குறைவு. வேகம் சிலவற்றை உதிர்க்கும், புதுப் பெயின்ட் ஒட்டவிடாது. ஆபத்து எல்லாம் வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்றுவிட்டு, பிறகு மெதுவாக இழுத்துச் செல்லப்படுகிறவற்றில்தான். எண்ணெய் மேடை, துரப்பணக் கலம், தூர்வாரும் கப்பல், பார்ஜ், மிதவைக் கிரேன், வழக்கில் மாட்டித் துறைமுகத்தில் கிடக்கிற பழைய கப்பல். கப்பலிலும் கடல் தண்ணீரை உள்ளே இழுக்கும் சீ செஸ்ட் என்கிற குழி, சுக்கான் இடுக்கு, தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுது பார்க்கும் ட்ரை டாக்கில் கட்டைமேல் உட்கார்ந்ததால் பெயின்ட் படாமல் போன திட்டுகள், இவற்றில் போய்ப் பார்த்தால் ஒரு குட்டிக் கடலே இருக்கும். நிழல், நீரோட்டம், இரை மூன்றும் உண்டு. சூரியப் பவளம் கேட்பதும் அதைத்தான்.

கப்பல் ஆடாமல் நிற்பதற்காகத் தொட்டிகளில் ஏற்றி இறக்கும் கடல் தண்ணீருக்கு (பாலஸ்ட்) உலக உடன்படிக்கை இருக்கிறது, 2004-இல் போட்டு 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கப்பலின் அடியில் ஒட்டியிருப்பதற்கு அப்படி ஒன்று இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டு 2023-இல் திருத்தியது, ஆனால் அவை கட்டாயம் அல்ல. நியூசிலாந்து 2018-லிருந்து தன் அளவில் கட்டாயமாக்கிவிட்டது, அடிப்பகுதி சுத்தமாக இருக்கிறது என்று காட்டாமல் உள்ளே வர முடியாது. இங்கே தூத்துக்குடித் துறைமுகம் முயல் தீவை ஒட்டி இருக்கிறது, தேசியப் பூங்காவின் தீவுகள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில். நீண்ட நாள் நின்ற மேடையோ பார்ஜோ வெளியூரிலிருந்து இந்தப் பக்கம் இழுத்து வரப்படும்போது, கிளம்பும் இடத்திலேயே டைவரை இறக்கி அடியைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கு என்று நாமும் சொல்லவேண்டும். இங்கிருந்து வெளியே போகிறவற்றுக்கும் அதே விதி இருக்கவேண்டும், நம் கடலில் அளவோடு இருக்கிறது இன்னொருவர் கடலில் அளவு மீறும் என்று பிரேசில் காட்டிவிட்டதே. ஒரு நாள் கூடுதலாக நின்றால் எவ்வளவு வாடகை ஆகும் என்று முதலாளிகள் கணக்குச் சொல்வார்கள், அது எனக்கும் தெரியும். எண்ணூரில் இறால் தடவுகிற பெண்ணின் இழப்பு யார் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதும் தெரியும்.

என் சகதொழிலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. துறைமுகத் தண்ணீரிலேயே சுரண்டி, சுரண்டியதை அங்கேயே கீழே விழவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த கப்பலில் அப்படிச் செய்யும்போது நாம்தான் விதைக்கிறோம். உறிஞ்சு குழாயும் பையும் இல்லாமல் அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இரண்டு. அந்தப் படக்குறிப்பைத் திருத்தி, மன்னார் வளைகுடாவிலும் அந்தமானிலும் இருக்கும் ஆரஞ்சுப் பவளம் இந்தக் கடலுக்குச் சொந்தமானது, சட்டப் பாதுகாப்பு உள்ளது, தொடக்கூடாது என்று அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, முடிந்தால் அதே பக்கத்தில், போடுங்கள். இரண்டாவது, கடலடியில் வழக்கத்துக்கு மாறாக எதையாவது பார்க்கிறவர்கள், சங்கு குளிக்கிறவர்களும் சேர்த்துத்தான், அதைப் படம் எடுத்து, இடம், ஆழம், தேதி குறித்துக்கொண்டு, ராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ உள்ள வனத்துறை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆர்வம் உள்ள அந்தப் பிள்ளைகளிடம் கேமரா ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிக்கு,
கப்பலடி வேலை பார்க்கும் ஒரு டைவர்,
தூத்துக்குடி